நாலாயிரத்து முன்னூற்று எண்பது

எடைமேடையில் சீட்டு கிழிப்பது என் வேலை.
பர்கூர் சாலையில் கல் ஏற்றிப் போகும் லாரிகளுக்கு
ஒருமுறை பார எடை, ஒருமுறை காலி எடை.
கழித்தால் மிஞ்சுவதை நம்பலாம்.

ஓசூரிலிருந்து என் வீடு வந்த இரவு
அதையும் மேடையில் நிறுத்தச் சொன்னேன்.
விடியற்காலை காலி ட்ரெய்லர் திரும்பியபோது
மறுபடி நிறுத்தினேன்.
நாலாயிரத்து முன்னூற்று எண்பது கிலோ.
ஓர் அறை, அடுப்படி, கழிவறை, இரண்டு சன்னல்.
பதினோரு வருடக் குடித்தனத்திலிருந்து
நான் எடுத்துக்கொண்டு வந்தது முப்பத்தாறு கிலோ.
அதற்கும் சீட்டு இருக்கிறது.

திம்மராயன் அண்ணன்
அண்ணிக்குக் கேட்கும்படி சொன்னான்:
"தோப்பு ஓரமா வெச்சிக்கோ.
ஆனா தோண்டாதே.
அஸ்திவாரம்னா பாகம் கேட்ட மாதிரி ஆயிடும்."

மூன்று வாரம் மரக்கட்டைகள் மேல் நின்றது வீடு.
ஏறும்போதெல்லாம் ஏதோ ஒன்று முனகும்.

கம்பெனி லோகேஷ் போனில் சொன்னான்:
"தளம் போடுங்க மேடம், கேரன்டி செல்லும்.
இல்லேன்னா திருகுக் கம்பம்."
கடப்பாரையை ஒருமுறை போட்டுக் காட்டினேன்.
ணங்.
"அது என்ன சத்தம் மேடம்?"
"ஜெகதேவி" என்றேன்.

மேஸ்திரி பச்சையப்பன்
ஹாலோ பிளாக் போதும் என்றார்.
எட்டுக் கால் என்றால்
காலுக்கு ஐந்நூற்று நாற்பத்தேழரை.
நான் ஏறினால்? சிலிண்டர்? தண்ணீர்த் தொட்டி?
மழைக்கு ஒதுங்க யாராவது வந்தால்?
"யாரும்மா வருவாங்க" என்று கேட்டுவிட்டு
அவரே வேறு பக்கம் பார்த்தார்.

பாலிஷ் பட்டறையில் விளிம்பு உடைந்த பலகைக்கல்
மலையாய்க் கிடக்கும்.
அன்வர் ஒரு நடை கொண்டுவந்து கொட்டினான்.
அன்று மட்டும் நான் சீட்டு போடவில்லை.

கல்மேல் கல், நடுவில் ரப்பர் துண்டு,
ட்யூபில் தண்ணீர் விட்டு மட்டம் பார்த்தோம்.
ஏழு கால் பாறைமேல்.
எட்டாவது, ஈசானிய மூலையில்,
எப்போதோ பெங்களூரா மரமொன்றை
வேரோடு பிடுங்கி மூடிய குழிமேல்.
தோண்டக் கூடாதே.
இருப்பதில் அகலமான கல்லை அங்கே போட்டோம்.

பிறகு அடியில் தெரியும் ஒன்றரை அடி இருட்டு.
லோகேஷ் அதை ஸ்கர்ட்டிங் என்றான்.
"வீட்டுக்குப் பாவாடையா!" என்று
பச்சையப்பன் அரைநாள் சிரித்தார்.
தகரம் வேண்டாம், காற்றில் ராத்திரி முழுக்கப் பேசும்.
செங்கல் வேண்டாம், சுவர் என்று சொல்லிவிடுவார்கள்.
மிச்சமிருந்த கருங்கல் பலகைகளைச்
சுற்றிலும் சாய்த்து வைத்தேன்,
கலவை இல்லாமல்,
கல்லுக்குக் கல் இரண்டு விரல் இடைவெளி,
உள்ளே வலை.
காற்று போகலாம், பாம்பு யோசிக்கட்டும்.
ஒரே ஒரு பலகை மட்டும் எடுத்து வைக்கிற மாதிரி.

ஐப்பசியில் நாலு நாள் விடாமல் பெய்தது.
ஐந்தாம் நாள் தோசைக்கல்லில் எண்ணெய்
ஒரு பக்கமாய் ஓடியது.
குளியலறைக் கதவு தானாகத் திறந்தது.
எந்த மூலை என்று தெரியும். யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்து வந்தால்
எடுக்கிற பலகை எடுத்துக் கிடந்தது.
வெளியே இரண்டு கால்,
அண்ணனின் வெடித்த குதிகால்.
பக்கத்தில் டிராக்டர் ஜாக்கி,
ஒரு கூடை ஜல்லி, மண்வெட்டி.
வாசலில் அள்ளிப்போட்ட ஈர மண்,
முழங்கால் உயரம்.
குழியின் அடிவரைக்கும் போயிருந்தான்.

"டார்ச்சைச் சரியாப் பிடி" என்றது வீட்டின் அடி.
பிடித்தேன்.
தோண்டாதே என்றவனிடம்
எதையும் கேட்கத் தோன்றவில்லை.

வெளியே வந்து சட்டையைத் தட்டிவிட்டு,
"ஒரு நூல் சரிவு இருக்கு, இருக்கட்டும்,
மழைத்தண்ணி ஓடணும்" என்றான்.
டீ குடிக்காமல் போய்விட்டான்.

இரவில் ஓர் எலுமிச்சம்பழத்தைத் தரையில் வைத்தேன்.
கொஞ்சம் யோசித்து,
தோப்புப் பக்கமாய்
மெல்ல உருண்டது.